நூற்று மூன்றாவது ஆள்

செவரின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான்தான் என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு டென்னிஸ் பந்து என்ன நிறம் என்றுகூட நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் வாயை அடைக்க என்னிடம் பதில் இல்லை. எப்படிக் கெடுத்தேன் என்பதைத்தான் ஆளுக்கு ஆள் கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாகிவிட்டது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

செவரு என்பது அவன் பெயர் அல்ல, நான் வைத்தது. அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பதின்மூன்று. கிளப்பின் பின்பக்கக் கோர்ட்டில் முதன்முதலாக அவனோடு ஆடினேன். அவனுக்குப் பெரிய சர்வ் கிடையாது. பார்க்கிறவர்கள் வாய் பிளக்கிற மாதிரி ஒரு அடியும் கிடையாது. நான் எங்கே அடித்தாலும் ஓடிப் போய்த் திருப்பி அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, கோபம் தலைக்கேறி மட்டையைத் தூக்கி வலைமேல் எறிந்தேன். "இதுக்கு நான் வீட்லயே செவத்துல அடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்" என்று கத்தினேன். அவன் வலையடியில் கிடந்த மட்டையை எடுத்து, மண்ணைத் தட்டி, என் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் செவரு. பிற்காலத்தில் டிவியில் ஆட்டத்துக்குக் குரல் கொடுக்கிறவர்கள்கூட ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு அற்பப் பெருமை.

அவன் அப்பா லிஃப்ட் மெக்கானிக். கிளப் கட்டடத்தில் ஒரு பழைய லிஃப்ட், மாதத்துக்கு இரண்டு தடவை இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். அப்பா மேலே கிரீஸும் கையுமாகக் கிடக்க, மகன் கீழே கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். யாரோ விட்டுப்போன மட்டையை எடுத்து ஒருநாள் ஆடத் தொடங்கினான். அதைப் பார்த்த கிளப் செயலாளர், லிஃப்ட் நிற்காமல் ஓடுகிற வரைக்கும் உங்கள் பையன் இங்கே ஆடலாம் என்று வேடிக்கையாகச் சொன்னார். அப்பா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆறு வருஷம் அந்த லிஃப்ட் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

பதினெட்டு வயதில் அவனும், ஒரு வருஷம் காத்திருந்து நானும், ஒன்றாகத் தொழிலுக்கு வந்தோம். தொழில் என்றால் நீங்கள் டிவியில் பார்ப்பது அல்ல. உலகத்தில் டென்னிஸ் ஆடிப் பிழைக்கிற ஆண்களையெல்லாம் வரிசைப்படுத்தி, திங்கட்கிழமைதோறும் ஒரு பட்டியல் போடுவார்கள். வருஷத்தில் நான்கு பெரிய போட்டிகள். பட்டியலில் முதல் நூறு பேருக்குள் இருந்தால் அந்த நான்குக்கும் முன்வாசல் வழியாகவே போகலாம். அதற்குக் கீழே இருப்பவன் பின்வாசலில் நின்று, தகுதிச் சுற்று என்று மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டு உள்ளே வர வேண்டும். கோர்ட்டில் எத்தனையோ கோடு இருக்கிறது, எங்கள் ஆட்கள் தூக்கத்தில் பார்க்கிற கோடு நூறுக்கும் நூற்றியொன்றுக்கும் நடுவில் இருப்பதுதான்.

செவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. கோப்பை, கார், விளம்பரம் என்று நாங்கள் எல்லாரும் மனக்கோட்டை கட்டும்போது அவன் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு திங்கட்கிழமை.

"ஒரு வாரம் போதும் மச்சான். அடுத்த வாரமே கீழ வந்தாலும் பரவால்ல. நூறுக்குள்ள ஒரு தடவை இருந்துட்டேன்னு ஆயிடும்ல? அத யாரும் அழிக்க முடியாது" என்பான்.

இப்படிப் பத்துப் பதினொரு வருஷம். வாரத்துக்கு ஓர் ஊர். ஒரே அறையில் இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் கெட்டில். அந்தக் கெட்டிலில்தான் முட்டை வேகும், அதிலேயே அப்புறம் காப்பிக்கும் தண்ணீர் கொதிக்கும். சாக்ஸை முகம் கழுவும் தொட்டியில் துவைத்து, ஹீட்டர் குழாய்மேல் காயப் போடுவோம். காலையில் எழுந்தால் அறை முழுக்க ஒரு ஈர நாற்றம். முதல் சுற்றில் தோற்றவன் மத்தியானமே பையைக் கட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் பார்ப்பான். பெரும்பாலும் பஸ் பார்த்தது நான்தான். செவரு தோற்றால் அரை மணி நேரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காருவான், அப்புறம் எழுந்து என் ஆட்டம் பார்க்க வந்துவிடுவான்.

ஒற்றையர் ஆட்டத்தில் அவன் எனக்கு வெகு தூரம் முன்னால் இருந்தான். இரட்டையரில் நாங்கள் ஜோடி. அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கு முன்னாலும் ஜோடி இரண்டு பேரும் பக்கத்தில் வந்து, சர்வை எங்கே போடுவது, யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று கிசுகிசுக்க வேண்டும். எதிராளி உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகப் பந்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வோம். பாதி நேரம் பேசுவது ஆட்டமே அல்ல. "எதிர்ல இருக்கிறவன் கால்சட்டை பின்னாடி கிழிஞ்சிருக்கு, பாத்தியா?" என்று படுசீரியஸான முகத்தோடு செவரு சொல்வான், எனக்கு சர்வே போட வராது. வீட்டுச் சண்டை, காதல், வயிற்றுப்போக்கு எல்லாம் அந்தப் பந்துக்குப் பின்னால் பேசியிருக்கிறோம். அங்கே பேசியது வெளியே போகாது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இரட்டையர் ஆடுகிற எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

அவன் உச்சம் இருபத்து நாலு வயதில் வந்தது. நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றில் பின்வாசல் வழியாக மூன்று ஆட்டம் ஜெயித்து உள்ளே போனான். முதல் சுற்றில் எதிரே நின்றவர் அப்போது உலகத்தின் முதல் பத்துக்குள் இருந்தவர். செவரின் அப்பா இரவல் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் செட் ஆறுக்கு ஆறு என்று சமமாகி, டைபிரேக் வரைக்கும் போனது. நாற்பத்து மூன்று தடவை பந்து வலைக்கு மேலே போய் வந்த ஒரு புள்ளியில் அந்தப் பெரிய மனுஷர் பொறுமை இழந்து வெளியே அடித்தார். செட் செவருக்கு. பன்னிரண்டாயிரம் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்னப்பா, எழுந்து பாருங்க" என்றேன்.

"மேல போயிருக்கு. இனிமேதான் கவனமாப் பாக்கணும். நிக்கிறதெல்லாம் மேல போறப்பதான் நிக்கும்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

அடுத்த மூன்று செட்டும் மளமளவென்று போய்விட்டது. செவருக்கு அதில் வருத்தமே இல்லை. அந்த வாரம் பட்டியலில் நூற்று முப்பத்தொன்று. அடுத்த வாரம் நாங்கள் ஆடிய ஊரில் பார்வையாளர் என்று இருந்தது புல் வெட்டுகிற இரண்டு பேர், அவர்களும் சாப்பிடுவதற்கு நிழல் தேடி வந்தவர்கள்.

அப்பா சொன்ன மாதிரியே நின்றது. மறு வருஷம் வலது மணிக்கட்டில் தசைநார் கிழிந்தது. ஒரு அறுவை, அது சரியில்லை என்று இன்னொரு அறுவை. பதினாறு மாதம் மட்டையைத் தொடவில்லை. பட்டியலில் அறுநூறுக்குக் கீழே போய், அப்புறம் பெயரே காணாமல் போனது. அந்தக் காலத்தில் நடந்த ஒரே நல்லது, ஆஸ்பத்திரியில் அவனுக்கு ரத்தம் எடுத்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். லேப் டெக்னீஷியன். ஊசி போட்ட கையை அவன் இழுக்கவில்லையாம், அதில் மயங்கிவிட்டாள் என்று நான் கேலி செய்வேன். அவள் என்னை அண்ணே என்றாள். நான் அவளைத் தங்கச்சி என்றேன். அதனால் செவரை மாப்ள என்று கூப்பிட எனக்கு முறைப்படி உரிமை வந்தது, அதற்கு முன்பே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் திரும்பி வந்து அடிமட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினான். இருபத்தெட்டு வயதில் ஐந்நூறு, நானூறு, இருநூற்று நாற்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். நான் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். என் முழங்கை போய்விட்டது. ஒற்றையரில் என் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். அவன் ஜோடி என்பதால்தான் போட்டிகளுக்குள் என்னை விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு முன்னாள் ஆட்டக்காரர் எனக்குப் போன் செய்தார். இப்போது ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். நாளைக்கு இரட்டையர் காலிறுதியில் இரண்டாவது செட்டை மட்டும் விட்டுவிடுங்கள், மூன்றாவது செட்டை ஜெயித்து ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பந்தயம் கட்டுகிறவர்கள் நல்ல பணம் தருவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை என்றார். கடன் தொல்லை, அம்மாவுக்கு வைத்தியம் என்று நான் ஏதாவது சொன்னால் நீங்கள் உச்சுக் கொட்டுவீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. கெட்டிலில் முட்டை வேக வைத்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் மேலே போய்க்கொண்டே இருந்தான். சரி என்றேன்.

முதல் செட் எங்களுக்கு. இரண்டாவதில் இரண்டுக்கு ஒன்று, என் சர்வ். பந்தை வாய்க்கு முன்னால் பிடித்தேன்.

"மாப்ள, இந்த செட்ட விட்டுடலாமா?"

"ஏன், முழங்கை வலிக்குதா?"

"வலிக்கல. ஒருத்தன் கேக்குறான். மூணாவது செட்ட நாமளே எடுத்துக்கலாம். நமக்கு ஒண்ணும் போகாது."

அவன் என் முகத்தையே பார்த்தான். கேலி என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. நடுவர் நேரமாகிறது என்று கூப்பிட்டார்.

"வெளிப்பக்கமாப் போடு" என்றான் செவரு. "நான் வலைகிட்ட நிக்கிறேன். போடுடா."

அந்த கேம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து நான் அந்த ஆலோசகருக்கு ஒரு வரி அனுப்பினேன்: பார்ட்னரிடம் சொன்னேன், மாட்டேன் என்கிறான். ஒரு மணி நேரம் கழித்து மழை விட்டது. செவரு பேய் மாதிரி ஆடினான், நான் தப்புத் தப்பாக அடித்ததையும் சேர்த்து அவனே எடுத்தான். செட்டும் ஆட்டமும் எங்களுக்கு வந்தது. அறைக்கு வந்து முட்டையை உரித்துக்கொண்டே சொன்னான்: "இன்னொரு தடவை என்கிட்ட அதக் கேக்காத." அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றான். பாதி முட்டையை என் தட்டில் வைத்தான்.

அங்கேதான் அவன் தப்புச் செய்தான், இரட்டையர் ஆடுகிறவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. எங்கள் சட்டம் எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, படம் பார்த்து, கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆட அனுமதி வாங்குகிறோம். ஆட்டத்தை விடச் சொல்லி எவன் கேட்டாலும், மாட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. உடனே மேலே தகவல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதுவும் குற்றம். செவரு அந்தப் பரீட்சையில் எப்போதும் முழு மார்க். ஆனால் கேட்டவன் நான், கேட்டது பந்துக்குப் பின்னால். அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு அதிகாரியிடம் கொடுக்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு வந்திருக்காது.

அடுத்த எட்டு மாதம் அவன் ஆடியதைப் பார்க்க வேண்டும். இருநூறு, நூற்று எழுபது, நூற்று இருபது. ஒரு திங்கட்கிழமை காலை போனைத் திறந்து என்னிடம் நீட்டினான். நூற்று மூன்று. நான் அவனைக் கட்டிப்பிடித்தேன், உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். நம்பினால் நம்புங்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கே, டென்னிஸில் நடக்கிற மோசடிகளைத் தேடிப் பிடிக்கிற விசாரணை அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார்கள். அந்த ஆலோசகர் வேறெங்கோ மாட்டியிருந்தார். அவர் போனில் என் ஒரு வரி இருந்தது. முதல் மாடியில் கூட்டம் நடத்தும் சின்ன அறையில் செவரை முதலில் கூப்பிட்டார்கள். ஐம்பது நிமிஷம். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தவன் என்னைக் கடந்து போகும்போது நடையைக்கூட நிறுத்தவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல மச்சான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

என் முறை புதன்கிழமை. அன்று காலை வக்கீலிடம் போனில் பேசினேன். ஆறு வருஷத் தடை வரும், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னால் பாதியாகக் குறைப்பார்கள் என்றார். விசாரித்தவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் அனுப்பிய வரியைக் காகிதத்தில் அச்சடித்து என் முன்னால் வைத்தார்.

"பார்ட்னர்கிட்ட சொன்னேன்னு இதுல எழுதியிருக்கீங்க. நெஜமாவே சொன்னீங்களா, இல்ல அந்த ஆளத் தட்டிக் கழிக்கிறதுக்காகச் சும்மா எழுதினீங்களா?"

கதவை அவரே திறந்து வைத்த மாதிரி இருந்தது. சும்மா எழுதினேன் மேடம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். யாரும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது, கேட்ட காது உலகத்தில் இன்னொன்று இல்லை. வாழ்க்கை முழுக்க நான் பொய் சொன்னவன். அம்மாவிடம், பயிற்சியாளரிடம், கோர்ட்டில் கோட்டின்மேல் விழுந்த பந்தை வெளியே என்று. அன்றைக்கு என் தலைக்குள் ஓடியது ஆறில் பாதி மூன்று என்ற ஒரே கணக்கு.

"சொன்னேன்" என்றேன்.

"அவர் என்ன சொன்னாரு?"

"மாட்டேன்னாரு. அவர் நல்லவர் மேடம், உடனே மாட்டேன்னுட்டாரு."

இதனால் அவனுக்கு நல்லதுதான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க அப்படி எதுவும் கேக்கவே இல்லன்னு நேத்து சொன்னாரே" என்றார். நான் தண்ணீரைக் குடித்தேன்.

அன்று சாயங்காலமே என்னைப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். ஒற்றையரில் செவரு ஆடிக்கொண்டிருந்தான், நான் உள்ளே என்ன சொன்னேன் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. நானும் போன் செய்து சொல்லவில்லை. வியாழன் ஜெயித்தான், வெள்ளி ஜெயித்தான், சனி அரையிறுதியும் ஜெயித்தான். கோப்பையை வாங்கினால் நூறுக்குள் நுழைந்துவிடுவான் என்று ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இறுதி ஆட்டம் ஞாயிறு காலை. நான் ஒரு பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். ஆறு நாலு, ஆறு நாலு. கடைசிப் புள்ளியில் எதிராளி வலையில் அடித்ததும் செவரு கோர்ட்டில் முழங்காலிட்டு, தலையைத் தரையில் வைத்துக்கொண்டான். அப்படி அவன் ஒருநாளும் செய்ததில்லை.

மத்தியானம் மின்னஞ்சல் வந்ததாம். உடை மாற்றும் அறையில், காலில் ஐஸ் வைத்துக்கொண்டு படித்திருக்கிறான். விசாரணை முடியும்வரை ஆடத் தடை, அந்த வாரத்து வெற்றிகள் சேராது, பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். திங்கட்கிழமைப் பட்டியல் வந்தது. நூற்று மூன்றில் வேறொருவன் இருந்தான். செவரு எங்கேயும் இல்லை.

தீர்ப்பு வர ஐந்து மாதம் ஆனது. ஒத்துழைத்ததற்காக எனக்கு மூன்று வருஷம். தகவல் தராததற்கும் விசாரணையில் பொய் சொன்னதற்கும் சேர்த்து அவனுக்கு நான்கு. கேட்டவனுக்கு மூன்று, மாட்டேன் என்றவனுக்கு நான்கு. அவன் மேல்முறையீடு செய்யவில்லை. தடை என்றால் ஆட முடியாது என்பது மட்டுமல்ல, கிளப்பில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட முடியாது. அப்பாவோடு லிஃப்ட் வேலைக்குப் போனான். கிழிந்து தைத்த மணிக்கட்டோடு இரும்புக் கயிறு இழுத்தான்.

நானும் ஏதாவது வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு கிடங்கில் ஆள் எடுத்தார்கள், மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். ஆஸ்பத்திரி லேபில் வரிசையில் நின்று, என் எண் வந்ததும் உள்ளே போய்க் கையை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் தங்கச்சி. அவளும் என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். ரப்பர் பட்டையை எடுத்து என் கையில் இறுக்கிக் கட்டினாள்.

"கைய மடக்குங்க" என்றாள். ஊசி ஏறியது. "மாமா கேட்டாரு அவர்கிட்ட. மாட்டேன்னுதானே சொன்னே, அப்புறம் ஏன்டா மறைச்சேன்னு. அவன் என் பார்ட்னர்ப்பான்னாரு. இன்னிக்கு வரைக்கும் வீட்ல டென்னிஸ்னு ஒரு வார்த்தை கிடையாது."

"தங்கச்சி..."

"அப்படிக் கூப்பிடாதீங்க. அவரு யாருக்காகவும் பொய் சொல்லி நான் பாத்ததில்ல. என்கிட்டகூட, சமையல் நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னுதான் சொல்வாரு. உங்களுக்காகச் சொன்னாரு. நீங்க மறுநாளே போயி அத அவர் தலையிலயே போட்டுட்டீங்க." பஞ்சை வைத்து அழுத்தினாள். "அஞ்சு நிமிஷம் பிடிச்சுக்கங்க. ரிசல்ட் நாளைக்கு வாங்கிக்கலாம். அடுத்தது யாரு?"

வலிக்கும்படி குத்தவில்லை. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் தடை முடிந்ததும் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலைக்கு வந்தேன். ஒரு நிறுவனம் போட்டிகள் நடக்கும் இடத்தில் கூடாரம் போட்டு, மெஷின் வைத்து, ஆட்டக்காரர்கள் கொடுக்கிற மட்டைகளுக்கு நரம்பு மாற்றித் தரும். நின்றபடியே நாள் முழுக்க வேலை. மறு வருஷம் ஒரு சின்னப் போட்டியில், தகுதிச் சுற்றுக்காரர்களின் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்தேன். முப்பத்து மூன்று வயது. பட்டியலில் தரவரிசை எண் எழுத வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது.

காலையில் கூடாரத்துக்கு வந்தான். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. விரல் இடுக்கில் கறுப்பு கிரீஸ், தேய்த்தும் போகாத மாதிரி. வேறு ஆள் இருக்கிறாரா என்று உள்ளே எட்டிப் பார்த்தான். வேறு ஆள் இல்லை. இரண்டு மட்டையை மேஜைமேல் வைத்தான்.

"அம்பத்திரண்டு" என்றான். நரம்பை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண். பதினைந்து வயதிலிருந்தே அவனுக்கு ஐம்பத்திரண்டுதான் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வதுபோல் சொன்னான். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நரம்பு கட்டியதில்லை.

பதினொரு மணிக்கு ஆட்டம். எதிரே பத்தொன்பது வயதுப் பையன், அவனுக்கு யாருடன் ஆடுகிறோம் என்றே தெரியவில்லை. கூடாரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோர்ட் தெரியும். செவரு ஓடினான். முன்பெல்லாம் அவன் எட்டிப் பிடிக்கிற பந்து இப்போது ஒரு அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஆறு இரண்டு, ஆறு ஒன்று. ஐம்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கை குலுக்கும்போது பையன் மரியாதையாகத் தலை குனிந்தான், வயதானவர்களுக்குச் செய்கிற மாதிரி.

இன்னொரு மட்டையை வாங்கிக்கொள்ளத் திரும்பி வந்தான். அதை ஆடவே எடுத்திருக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டு, ரசீதில் கையெழுத்துப் போட்டான்.

"அடுத்த வாரம் எங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"எங்கயும் இல்ல. இதோட சரி. முடியல." நின்றான். ஜிப்பைப் பாதி இழுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்த ஞாயித்துக்கிழமை ஜெயிச்சது சேந்திருந்தா, திங்கக்கிழமை நான் எத்தனாவது வந்திருப்பேன்? நீ கணக்குப் போட்டுப் பாத்திருப்பேல்ல?"

பார்த்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமையே, அதே பஸ் நிலையத்து பெஞ்சில், மற்ற எல்லாருடைய புள்ளிகளையும் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அதற்கப்புறம் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே எண்தான் வந்தது. தொண்ணூற்று ஏழு. அதை இவனிடம் எந்த வாயால் சொல்வது? போகிறவன் நிம்மதியாகப் போகட்டும், எப்படியும் கோட்டைத் தாண்டியிருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அவன்மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னேன்.

"நூத்தி ரெண்டு மாப்ள. அப்பவும் ரெண்டு எடம் குறைஞ்சிருக்கும்."

செவரு நிமிர்ந்து, நாலரை வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். கோபம் எதுவும் இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"தொண்ணூத்தேழு" என்றான். "உனக்குத்தான் பொய் இவ்ளோ சுலபமா வருதே. இதுல ஒண்ண அன்னிக்கு அந்த ரூம்ல சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்?"